பழைய ஊர்திகளில் தொடர் பஞ்சர்

தொடர் பஞ்சர் என்பது ஓர் ஊர்தியின் ஒரே சக்கரம், செப்பனிட்ட சில நாட்களிலேயே மீண்டும் மீண்டும் காற்றை இழக்கும் நிலையைக் குறிக்கும். உட்குழாய் (டியூப்) கொண்ட டயர்களில் ஓடும் பழைய மகிழுந்துகள், ஜீப்புகள், மோட்டார் சைக்கிள்கள், ஸ்கூட்டர்கள் ஆகியவற்றில் இச்சிக்கல் கூடுதலாகக் காணப்படுகிறது. சாலையில் கிடந்த ஆணி ஒன்று குத்துவது தற்செயலாக நிகழலாம். ஒரே சக்கரம் ஒரு மாதத்தில் மூன்று முறை காற்றிழந்தால் அது பெரும்பாலும் தற்செயல் அன்று. டயரிலோ, ரிம்மிலோ, டியூபிலோ, காற்றழுத்தத்திலோ நீக்கப்படாத காரணம் ஒன்று இருக்கிறது என்பதே அதன் பொருள். துளையை மட்டும் அடைத்துக் காரணத்தை விட்டுவிடுவதே பஞ்சர் தொடர்வதற்கு முதன்மையான காரணம் ஆகும்.

பழைய ஊர்தி – வரையறை

பன்னாட்டு வழக்கில் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட மகிழுந்துகளே 'விண்டேஜ்' எனப்படுகின்றன. இந்தியாவில் 2021 இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் ஊர்தி விதிகளின்படி, முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகள் கடந்ததும், மூல வடிவம் மாறாமல் பேணப்படுவதுமான இருசக்கர, நான்குசக்கர ஊர்திகள் விண்டேஜ் ஊர்திகளாகப் பதிவு செய்யப்படலாம். இவற்றின் பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்காக மட்டுமே இவற்றைச் சாலையில் ஓட்டலாம்.

அன்றாடப் பேச்சில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஜீப், புல்லட், ஜாவா, எஸ்டி, லாம்பிரெட்டா போன்றவையும் பழைய வண்டிகள் என்றே அழைக்கப்படுகின்றன. இவை அனைத்துக்கும் பொதுவான கூறு டியூப் பொருத்திய டயர் ஆகும். அம்பாசடரின் டயர் அளவு 5.90-15, பழைய புல்லட்டின் அளவு 3.25-19. முதல் எண் டயரின் அகலத்தையும், இரண்டாம் எண் ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கும்.

வரலாறு

காற்றடைத்த டயருக்கு 1845 இல் முதன்முதலாகக் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன். அது பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. 1888 இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காக அதே கருத்தை மீண்டும் உருவாக்கினார். அவருடைய டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்ததால் பஞ்சர் ஒட்டுவது பெரும்பாடாக இருந்தது. பிரான்சின் மிச்லின் சகோதரர்கள் 1891 இல் கழற்றி மாட்டக்கூடிய டயரை உருவாக்கினர். 1895 இல் நடந்த பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் அவர்கள் காற்று டயர் பூட்டிய மகிழுந்தை ஓட்டினர். வழியெல்லாம் பஞ்சர் ஆனபோதிலும், கனமான ஊர்தியும் காற்றின் மீது ஓட முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

தொடக்ககால மகிழுந்துகளில் மாற்றுச் சக்கரம் கிடையாது. வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் 1904 இல் ஆரக்கால்கள் இல்லாத, காற்றடைத்த டயருடன் கூடிய மாற்று ரிம் ஒன்றை உருவாக்கினார். அவருடைய பட்டறை ஸ்டெப்னி தெருவில் இருந்தது. தமிழ்நாட்டில் இன்றும் மாற்றுச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்று அழைப்பது அத்தெருவின் பெயரால்தான்.

தென்னிந்தியாவில் பேருந்துப் போக்குவரத்தின் முன்னோடிகளுள் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் (1877–1955). அக்காலச் சாலைகளில் மாட்டு வண்டிகளே மிகுதி. மாடுகளின் லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிகள் பேருந்து டயர்களைக் குத்தின. பேருந்துகள் குறித்த நேரத்தில் செல்ல வேண்டும் என்பதற்காக, காந்தம் பொருத்திய ஊர்தியைக் கொண்டு சாலையில் கிடந்த ஆணிகளை அவருடைய நிறுவனம் அகற்றியது. தேய்ந்த டயர்களுக்குப் புது மேற்பரப்பு இடும் தொழிற்சாலையையும் அவர் நிறுவினார். துளையை ஒட்டுவதைவிடக் காரணத்தை அகற்றுவதே மேல் என்ற அணுகுமுறைக்கு இது ஒரு பழைய எடுத்துக்காட்டு.

சென்னை திருவொற்றியூரில் 1946 இல் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி 1961 இல் டயர் உற்பத்தியில் இறங்கியது. புல்லட் மோட்டார் சைக்கிள்களும் 1950களின் நடுவிலிருந்து அதே திருவொற்றியூரில் செய்யப்பட்டன.

அமைப்பு

டியூப் டயர் அமைப்பில் நான்கு உறுப்புகள் உள்ளன.

1. டயர்: தரையைத் தொடும் தடித்த உறை. சுமையையும் தேய்மானத்தையும் தாங்குகிறது. காற்றைப் பிடித்து வைப்பது இதன் வேலை அன்று.
2. டியூப்: காற்றை அடக்கி வைக்கும் மெல்லிய ரப்பர்ப் பை. பழைய டியூப்கள் இயற்கை ரப்பரால் ஆனவை. பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர் டியூப்களில் காற்றுக் கசிவு பல மடங்கு குறைவு.
3. ரிம்: டயரின் விளிம்புகளைப் பிடித்துக்கொள்ளும் உலோக வளையம். மோட்டார் சைக்கிள்களில் ஆரக்கம்பிகளின் முனைகள் ரிம்மைத் துளைத்து உட்புறம் வரும். டியூப் அவற்றில் படாதிருக்க ரிம் நாடா என்னும் பட்டை சுற்றப்படுகிறது.
4. வால்வு: காற்றை உள்ளே விட்டு வெளியேறாமல் தடுக்கும் பகுதி. இன்று பரவலாக உள்ள வால்வு, ஆகஸ்ட் ஷ்ரேடரின் அமெரிக்க நிறுவனம் 1890களில் உருவாக்கிய வடிவத்தின் வழிவந்தது.

டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் காற்று ஆணியைச் சுற்றி மெதுவாகவே கசியும். டியூப் டயரில் துளை வழியே வெளிவரும் காற்று, டயருக்கும் ரிம்முக்கும் இடைப்பட்ட வெளியை அடைந்து, வால்வுத் துளை, ஆரக்கம்பித் துளைகள் வழியாக விரைவாக வெளியேறிவிடும். ஓடும் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தில் இவ்வாறு நிகழ்ந்தால் ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழக்கக்கூடும். எனவே தொடர் பஞ்சர் வெறும் செலவு தொடர்பான சிக்கல் அன்று. உயிர்ப் பாதுகாப்புத் தொடர்பானதும் ஆகும்.

துளையின் இடமும் காரணமும்

காற்றிழப்புக்கான காரணத்தைத் துளையின் இடமும் வடிவமும் பெரும்பாலும் காட்டிவிடும்.

* டியூபின் வெளிப்புறத்தில் (தரையை நோக்கிய பக்கம்) ஒற்றைத் துளை: ஆணி, முள், கண்ணாடித் துண்டு, கம்பி ஆகியவற்றுள் ஒன்று. குத்திய பொருள் இன்னும் டயரில் இருக்கலாம்.
* டியூபின் உட்புறத்தில் (ரிம்மை நோக்கிய பக்கம்) துளை: ஆரக்கம்பி முனை, துரு, பற்றவைப்பின் மேடு, கிழிந்த ரிம் நாடா.
* அருகருகே இரண்டு இணையான வெட்டுகள்: குழியில் இறங்கும்போது டயருக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கியதன் அடையாளம். குறைந்த காற்றழுத்தமே இதன் காரணம். டயர் மாட்டும்போது நெம்புகோல் டியூபைக் கடித்தாலும் இதைப் போன்ற வெட்டு ஏற்படும். அவ்வாறாயின் மாட்டிய உடனேயோ அடுத்த நாளோ காற்று இறங்கிவிடும்.
* வால்வின் அடியில் கிழிசல்: டயர் ரிம்மின் மீது சிறிது சிறிதாக நகர்கிறது. அது டியூபையும் இழுத்துச் செல்ல, ரிம் துளையில் சிக்கியுள்ள வால்வு கிழிகிறது. குறைந்த அழுத்தத்தில் கடுமையாகத் தடை பிடிப்பதால் இது நேரும்.
* மடிப்பின் வழியே நீண்ட வெடிப்பு: டியூப் மிகப் பழையது, அல்லது டயரின் அளவுக்கு மீறிப் பெரியது.
* துளையே இல்லை: வால்வின் உட்பகுதி தளர்ந்திருக்கலாம், அல்லது அதில் தூசி அடைத்திருக்கலாம். வால்வு வாயில் சோப்பு நீர் வைத்தால் குமிழி தோன்றும்.

முன் சக்கரத்தைவிடப் பின் சக்கரம் அடிக்கடி பஞ்சர் ஆவதைப் பலரும் கண்டிருப்பர். தரையில் படுத்துக் கிடக்கும் ஆணியை முன் சக்கரம் மிதித்து எழுப்பிவிட, பின்னால் வரும் சக்கரத்தில் அது குத்துகிறது. மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் பின் சக்கரம் கூடுதல் சுமையைத் தாங்குவதும் ஒரு காரணம்.

வறண்ட நிலப்பகுதிகளில் முட்கள்

மேலநீலிதநல்லூர் தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் வட்டத்தில் உள்ள ஊர். ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் தலைமையிடம். 2019 இல் தென்காசி தனி மாவட்டமாகும் வரை இது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. மழையை நம்பிய வேளாண்மை மிகுந்த இப்பகுதி போன்ற இடங்களில் ஆணியைவிட முள்ளே டயருக்குப் பெரும் பகை. சீமைக் கருவேலம், உடைமரம், நெருஞ்சி ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்கவை.

சீமைக் கருவேலம் நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. வேலிக்கும் விறகுக்கும் எனப் பரப்பப்பட்டுப் பின்னர் தரிசுகளையும் கண்மாய்களையும் நிறைத்தது. இதன் முட்கள் 5 செ.மீ. வரை வளரக்கூடியவை. விறகு வெட்டிக் கொண்டு செல்லும் பாதைகளிலும், வேலி அடைத்த வண்டிப் பாதைகளிலும் முறிந்த முட்கள் சிதறிக் கிடக்கும். நெருஞ்சியின் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். இதன் ஆங்கிலப் பெயர்களுள் ஒன்றும் 'பஞ்சர் கொடி' என்ற பொருளையே தருகிறது.

முள் ஆணியைப் போன்றது அன்று. டயரில் ஏறியவுடன் அதன் வெளிப்பகுதி முறிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். நிறத்தாலும் அளவாலும் அது கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினாலும் தட்டுப்படாது. சுமை ஏறி டயர் அமுங்கும்போதுதான் உட்புறம் நீட்டும். டியூபை ஒட்டி மாட்டினால், சில கிலோமீட்டர் ஓடியபின் அதே நுனி மீண்டும் குத்தும். 'ஒட்டு சரியில்லை' என்று பஞ்சர் கடைக்காரர் மீது பழி விழும் நேர்வுகள் பலவற்றில் உண்மையான காரணம் இதுவே.

காரணம் அறியும் முறை

இதற்குத் தேவையானவை ஒரு சுண்ணக்கட்டியும் ஒரு வாளி நீரும் மட்டுமே.

1. டயரைக் கழற்றும் முன், வால்வுக்கு நேராக டயரின் பக்கச் சுவரில் குறியிட வேண்டும். வண்டியின் இடப்பக்கம் எது என்பதை டயரிலும், வெளியே எடுத்தவுடன் டியூபிலும் குறிக்க வேண்டும்.
2. டியூபில் சற்றுக் காற்றடித்து நீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டு வட்டமிட வேண்டும். ஒரு துளை கிடைத்தவுடன் நிறுத்தாமல் முழுச் சுற்றையும் பார்க்க வேண்டும்.
3. வால்விலிருந்து துளை எந்தப் பக்கம், எவ்வளவு தொலைவு என்று அளக்க வேண்டும்.
4. டியூபைக் குறிகளுக்கு ஏற்ப டயர் மீது வைத்துப் பார்த்தால், டயரிலோ ரிம்மிலோ தேட வேண்டிய இடம் தெரியும்.
5. அவ்விடத்தில் டயரின் உட்புறத்தைப் பஞ்சு அல்லது பழைய துணியால் துடைக்க வேண்டும். முள் நுனி நூலைப் பிடித்து இழுக்கும். வெறும் கையால் தடவினால் விரல் கிழியலாம்.
6. டயரை உள்வெளியாக வளைத்து, வெளிப்புறத் துளைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, நுனியைக் குறடால் எடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு புல்லட்டின் பின் சக்கரம் மூன்று முறை பஞ்சர் ஆனதாகக் கொள்வோம். மூன்று துளைகளும் டியூபின் உட்புறத்தில், வால்விலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருந்தால், குற்றவாளி ரிம்மில் உள்ளது. வால்வு எப்போதும் ரிம்மின் ஒரே துளையில் இருப்பதால், டியூபுக்கும் ரிம்முக்கும் உள்ள தொடர்பு மாறுவதில்லை. மாறாக, துளைகள் வெளிப்புறத்தில் வெவ்வேறு தொலைவுகளில் இருந்து, டயரின் குறியிலிருந்து அளக்கும்போது மட்டும் ஒரே இடத்தைக் காட்டினால், முள் டயரில் தங்கியுள்ளது. டயர் ஒவ்வொரு முறையும் வேறு நிலையில் மாட்டப்பட்டதால் வால்வுத் தொலைவு மாறியிருக்கிறது. எதனோடும் பொருந்தாமல் சிதறியிருந்தால் தேய்ந்த டயர், குறைந்த அழுத்தம், முள் நிறைந்த பாதை ஆகியவற்றை ஐயுற வேண்டும்.

சீர் செய்தல்

*டியூப்:* துளையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைக்க வேண்டும். ஒட்டுப்பசையை (சொலூஷன்) மெல்லிய படலமாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு உலரும் வரை காத்திருக்க வேண்டும். ஈரம் காயும் முன் ஒட்டுவதே ஒட்டுப் பெயர்வதற்குப் பொதுவான காரணம். பின்னர் ஒட்டை நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்த வேண்டும். பசையின் கரைப்பான் எளிதில் தீப்பற்றக்கூடியது. வெப்பத்தால் ரப்பரை இணைக்கும் வல்கனைசிங் முறை கூடுதல் உறுதி தரும். வால்வின் அடியிலோ பழைய ஒட்டின் ஓரத்திலோ கிழிந்த டியூபை ஒட்டாமல் மாற்றுவதே பாதுகாப்பானது.

*ரிம்:* துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு இட வேண்டும். சக்கரக் கோணல் எடுத்தபின் ஆரக்கம்பியின் நுனி திருகு தலையைத் தாண்டி நீட்டக்கூடும். அதை அரத்தால் சமமாக்கிப் புது ரிம் நாடா சுற்ற வேண்டும். நாடாவின் துளை வால்வுக்கு நேராக இருத்தல் வேண்டும்.

*மாட்டுதல்:* டயரின் உட்புறம் சிறிது டால்கம் மாவு தூவினால் டியூப் ஒட்டாமல் உரிய இடத்தில் அமரும். மிகுதியாகத் தூவினால் கட்டிகளாகித் திரும்பவும் உராய்வை உண்டாக்கும். டியூபில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்துப் பொருத்த வேண்டும். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி, டயர் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிக்கொண்டே வந்து வால்வின் அருகே முடித்தால் நெம்புகோலுக்கு வேலை குறையும். முதலில் காற்றடித்து, முழுவதும் இறக்கி, மீண்டும் அடித்தால் டியூபின் மடிப்புகள் விரிந்துவிடும். மோட்டார் சைக்கிளில் வால்வின் வெளி மரையை ரிம்மோடு சேர்த்து முறுக்காமல் மூடியை ஒட்டி வைப்பது நல்லது. டயர் நகர்ந்தால் வால்வு சாய்ந்து முன்கூட்டியே எச்சரிக்கும்.

காற்றழுத்தம்

ஊர்தியின் கையேடு கூறும் அழுத்தத்தைச் சக்கரம் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிய டயரில் வெப்பத்தால் அழுத்தம் உயரும். சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் உள்ள டயரில் வெப்பநிலை 10 செல்சியசு பாகை உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பவுண்டு கூடும். நண்பகல் வெயிலில் ஓடி வந்தவுடன் அளந்து, 'மிகுதியாக உள்ளது' என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அழுத்தம் குறைந்திருக்கும். அழுத்தம் குறைந்த டயர் கூடுதலாக வளைந்து சூடாகி, டியூபோடு உராய்ந்து அதை நலிவடையச் செய்யும். கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும் பழைய வண்டிகளில் இது மிகவும் பொதுவான குறை. நீண்ட நாள் நிறுத்துவதாயின் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தித் தாங்கிகளின் மீது நிறுத்துவது நல்லது.

டயரின் வயது

பழைய ஊர்திகள் குறைவாகவே ஓடுவதால் டயரின் பட்டைகள் தேயாமல் புதியன போலத் தோன்றும். ஆனால் ரப்பர் ஓட்டத்தால் மட்டும் அன்றிக் காலத்தாலும், வெயிலாலும், காற்றிலுள்ள ஓசோனாலும் கெடுகிறது. பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் தோன்றினால் டயரை மாற்ற வேண்டும். 2000 முதல் பல டயர்களில் உற்பத்திக் காலம் நான்கு இலக்கங்களில் பொறிக்கப்படுகிறது. 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அந்த டயர் 2000க்கு முற்பட்டது. அதை ஓட்டத்திற்குப் பயன்படுத்தக் கூடாது.

மாற்று வழிகளும் அவற்றின் வரம்புகளும்

ஆரக்கம்பி ரிம்களில் காற்று கம்பித் துளைகள் வழியே கசிவதால் டியூப்லெஸ் டயரை நேரடியாகப் பொருத்த இயலாது. பழைய தகட்டு ரிம்களிலும் டியூப்லெஸ் டயரின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் மேடு பெரும்பாலும் இருப்பதில்லை. ரிம்மையே மாற்றினால் சிக்கல் தீரும். ஆனால் ஊர்தியின் மூல வடிவம் மாறிவிடும். துளை அடைக்கும் திரவங்கள் சிறு முள் துளைகளுக்கு ஓரளவு பயன்படும்; கிழிசலுக்கும் நசுங்கல் வெட்டுக்கும் பயன்படா. மேலும் அவை வால்வை அடைக்கக்கூடும், பின்னர் ஒட்டுப் போடுவதையும் கடினமாக்கும். டயருக்கும் டியூபுக்கும் இடையே பழைய டயர்த் துண்டை வைப்பது நாட்டுப்புறங்களில் காணப்படும் வழக்கம். ஊர் வந்து சேர அது உதவலாம். அதன் ஓரம் டியூபை அறுத்துப் புதிய பஞ்சரை உண்டாக்கும் என்பதால் நிலையான தீர்வாகாது.

பாதுகாப்பு

ஸ்கூட்டர்களின் ரிம் இரண்டு பாதிகளாக மரைகளால் இணைக்கப்பட்டது. காற்றை முழுவதும் இறக்காமல் ரிம் மரைகளைக் கழற்றினால் பாதிகள் வெடித்துப் பிரியும். சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் மரைகள் வேறு, ரிம்மின் மரைகள் வேறு என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பழைய சரக்குந்துகளின் பூட்டு வளைய ரிம்களுக்குக் காற்றடிக்கும்போது வளையம் பறந்து உயிரிழப்பு நேர்ந்ததுண்டு. அவற்றைக் கம்பிக் கூண்டும் பயிற்சியும் உள்ள பட்டறையில் மட்டுமே கையாள வேண்டும். மகிழுந்தை உயர்த்தும்போது மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பதும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லாதிருப்பதும் தேவை. காற்றிறங்கிய டயரோடு சிறிது தொலைவு ஓட்டினாலும் டியூப் நைந்துவிடும். அதன்பின் முதல் துளை எது, ஓட்டியதால் வந்த சிதைவு எது என்று பிரித்தறிய முடியாமல் போகும். ஆதலால், வண்டி ஆடுவதை உணர்ந்தவுடன் தடையைக் கடுமையாகப் பிடிக்காமல் வேகத்தைக் குறைத்து, சாலையோரம் நிறுத்தி, அங்கேயே சக்கரத்தைக் கழற்றுவது பாதுகாப்புக்கும் காரணம் அறிவதற்கும் ஒருசேர உதவும்.